சதயத்து அடைப்பு

சடையம்மாவிடம் சும்மா போய் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். செங்கோட்டைக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில், வாய்க்கால் ஓரமாக ஓடு போட்ட சின்ன மடம் அவருடையது. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. தன்னைவிட மூத்த ஆண்களை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் தோலை உரிப்பார்.

நாறும்பூநாதன் அவரிடம் சீடராக வந்தபோதே தலை முழுக்க நரைத்தவர். பலசரக்குக் கடையை மூடிவிட்டுப் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்துவிட்ட மனிதர். அந்த வட்டாரத்தில் கல்யாணத்துக்கு நாள், நிலை வைக்க நேரம், சாவுக்கு நட்சத்திரம் எல்லாம் அவர்தான் பார்த்துச் சொல்வார். தினமும் காலையில் மடத்துக்கு வந்து வாசல் பெருக்கி, தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போவார். கேள்வி என்று ஒன்றும் கேட்டதில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் கேட்டார்.

"அம்மா, செத்துப்போனவங்க சுவத்துல வருவாங்களா?"

சடையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"யாரு வந்திருக்கா?"

"செண்பகவடிவு."

அவர் மனைவி. மாசி மாதம் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி இறந்துபோனவள்.

"எந்தச் சுவத்துல?"

"கூடத்துச் சுவத்துல. அவ செத்த அறைக்கு இந்தப் பக்கம். முதல்ல ஒரு புள்ளிதான் இருந்துச்சு. ஆடிச் சாரலுக்குள்ள தலை வந்துட்டு. கொண்டையும் வந்துட்டு. அவ கொண்டை எப்பவும் இடது பக்கம் சாஞ்சுதான் நிக்கும். அதே சாய்வு. இப்பத் தோள் வந்திருக்கு. நேத்துப் பாக்கேன், கை ஒண்ணு கீழே இறங்குது."

"என்ன நிறம்?"

"கறுப்பு. ஓரத்துல பச்சை."

"வாடை?"

நாறும்பூநாதன் கொஞ்சம் தயங்கினார். "மழைக்கால வாடைதான்."

"உங்க மக உலகம்மா எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, இருமல்தான். அவ அம்மாவுக்கும் இருந்த இருமல்தானே."

கீரை ஆய்ந்த கை இப்போது நின்றது.

"படுத்து உறங்குறாளா, இல்லையா?"

"படுத்தா மூச்சு முட்டுதாம். சுவத்துல சாஞ்சு உக்காந்தே விடிய வைக்கா. வைத்தியர் மருந்து குடுத்திருக்காரு. ஐப்பசி மழை புடிக்கிறதுக்கு முன்னால தேறிடணும், இல்லாட்டி அவ நெஞ்சு தாங்காதுன்னு சொல்லுதாரு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. வேறு வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

சடையம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, போவோம்."

மடத்தைக் கட்டிய நாளிலிருந்து அவர் யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. நாறும்பூநாதன் அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நீங்க எதுக்கும்மா வரணும்? கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும்."

"பதில் உங்க வீட்டுலதானே இருக்கு."

தெருக் கோடியில் கடைசி வீடு அது. மத்தியானம்தான். ஆனாலும் மேகம் மூடிக் கிடந்தது. சடையம்மா வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு சன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனியில் சாரலுக்குப் பயந்து மூடியவை. சாரல் போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

உள்ளே கால் வைத்ததும் ஊதுவத்தி மணம். அதற்குக் கீழே இன்னொரு வாடை. அடியில் கிடந்து மறந்துபோன ஈரத் துணியின் வாடை. கூடத்தின் குறுக்கே கொடி கட்டி, துவைத்த சேலைகள் தொங்கின. அடுப்படியிலிருந்து சோறு வடித்த ஆவி வந்து அந்தச் சேலைகளுக்குள் புகுந்து அங்கேயே நின்றது. மூலையில் கழற்றிப் போட்டிருந்த செருப்பின் மேல் வெள்ளையாக மயிர் முளைத்திருந்தது. சாமி படங்களின் கண்ணாடிக்குள்ளே புகை பிடித்ததுபோலப் பூசணம் ஏறி, முருகன் முகம் தெரியவில்லை. வேல் மட்டும் தெரிந்தது.

பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, தையல் மெஷினுக்கு முன்னால் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எந்திரிக்காத, இரு."

"கும்பிடுதேன்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க அவள் இரண்டு தடவை மூச்சு இழுக்க வேண்டியிருந்தது.

சடையம்மா சுவரைப் பார்த்தார்.

நாறும்பூநாதன் சொன்னது பொய் இல்லை. அது இருந்தது. சாய்ந்த கொண்டையோடு ஒரு பெண். தலையைச் சற்றுக் குனிந்து, கீழே எதையோ எடுக்கப் போகிறவள்போலக் கையை இறக்கிக்கொண்டு நின்றாள். பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு நொடி நெஞ்சு திக்கென்று ஆகும். அதைவிடத் திக்கென்று ஆக்கியது இன்னொன்று. அந்தச் சுவரை ஒட்டி ஒரு கட்டில் கிடந்தது. தலையணை அவள் கை இறங்குகிற இடத்துக்கு நேர் கீழே இருந்தது.

"கட்டில் யாருது?"

"எனக்குத்தான்" என்றார் நாறும்பூநாதன்.

"இதை யாரும் துடைச்சுப் பாக்கலையா?"

உலகம்மாள் சொன்னாள். "நான் துடைச்சேன்மா. ஈரத் துணியை வச்சு நல்லா அழுத்தித் துடைச்சேன். மறுவாரமே முந்தினதைவிடப் பெரிசா வந்துட்டு. அப்புறம் சுண்ணாம்பு அடிச்சேன். சுண்ணாம்பைத் தாண்டி வந்துட்டு. அதுக்கப்புறம் தொடக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாங்க."

"பயந்துட்டாங்களோ?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தாள். "நான் சுண்ணாம்பு அடிச்ச அன்னைக்கு அப்பா சோறு திங்கலை."

அப்போது அவளுக்கு இருமல் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, நடுவில் நின்று, திரும்பக் கிளம்புகிற இருமல். நாறும்பூநாதன் முகம் மலர்ந்துபோயிற்று. ஐயோ, அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது.

"கேட்டீங்களாம்மா? அப்படியே அவ அம்மா. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா செண்பகவடிவு அடுப்படியில நின்னு இருமுத மாதிரியே இருக்கும்."

இருமல் அடங்கியதும் உலகம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகச் சொன்னாள்.

"நான் இருமும்போது மட்டுந்தான்மா அப்பா என் பக்கம் திரும்புவாங்க."

சுவரில் இருந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

சடையம்மா அதே சுவரின் மறு கோடிக்குப் போனார். அங்கே ஒரு கதவு. பூட்டு. பூட்டில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது.

"இது?"

"அடைப்பும்மா. அவ போனது சதயத்துல."

இதை அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில நட்சத்திரங்களில் உயிர் போனால், போன இடத்தைச் சில மாதம் பூட்டி வைப்பார்கள். இரண்டு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் கணக்கு உண்டு. அதற்குப் பெயர் அடைப்பு. ஊருக்கெல்லாம் அந்தக் கணக்கைச் சொல்கிறவர் நாறும்பூநாதன். தன் வீட்டுக்கும் அவரே சொன்னார், அவரே பூட்டினார்.

"சதயத்துக்கு எத்தனை மாசம் அண்ணாச்சி?"

"ஆறு."

"மாசியில போனாங்க. எப்ப முடியும்?"

"ஆவணியில முடிஞ்சுது."

"இது என்ன மாசம்?"

"மகாளயம் கழியட்டும்னு இருந்தேன்."

"மகாளயம் கழிஞ்சுபோச்சே."

"நவராத்திரிக்குள்ள வேண்டாம்னு..."

"அதுவும் கழிஞ்சா?"

"ஐப்பசியில நல்ல நாள் பாத்து..."

"ஐப்பசியில மழை புடிச்சா?"

சடையம்மா விடவில்லை.

"நாள் கேட்டு வாறவங்ககிட்டயும் இப்படித்தான் இழுத்தடிப்பீங்களோ?"

நாறும்பூநாதன் பூட்டில் சுற்றிய நூலைச் சரிசெய்தார்.

"சரி, அதை விடுங்க. அடைப்புன்னா என்ன அர்த்தம்?"

"உசிரு போன இடத்தை அடைச்சு வைக்கது."

"உங்க மகளுக்கு வந்திருக்கிறது என்ன நோவுன்னு வைத்தியர் சொன்னாரு?"

"மூச்சடைப்..." பாதியில் அவர் குரல் நின்றுவிட்டது.

சடையம்மா அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அந்த வீட்டுக் கொடியில் காய்ந்த துண்டு. காய்ந்தது என்று பேர்தான், தொட்டால் ஜில்லென்று இருந்தது. அதை நாலாக மடித்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினார்.

"மூச்சு விடுங்க."

விட்டார்.

"இழுங்க."

இழுத்தார்.

"இன்னொரு தடவை விடுங்க. இழுங்க. நல்லா இழுங்க அண்ணாச்சி, என்ன அவசரம்?"

கொஞ்ச நேரம்தான். நாறும்பூநாதன் கண் பிதுங்கியது. இரண்டு கையாலும் துண்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தார்.

"என்னம்மா இது, கொல்லப் பாக்கியளா?"

"துண்டுக்குள்ள யாரு மூச்சு இருந்துச்சு?"

"என் மூச்சுதான்."

"சொந்த மூச்சுதானே? அதுக்கு எதுக்கு இப்படிப் பதறுதீங்க?"

அவர் கீழே கிடந்த துண்டைக் காலால் தள்ளிவிட்டார்.

"சாவியைக் குடுங்க."

அவர் கை சட்டென்று இடுப்புக்குப் போயிற்று. சாவி அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தது.

"வேண்டாம்மா. திறந்தா அவ போயிருவா."

"அவங்க போகக் கூடாதா?"

"போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

கூடத்தின் நடுவில் மகள் உட்கார்ந்திருக்கும்போது, அவள் காது கேட்க, அந்த மனுசன் இதைச் சொன்னார். வேண்டுமென்று சொல்லவில்லை. அவள் அங்கே இருப்பதே அவருக்கு நினைவில் இல்லை. அதுதான் கொடுமை. உலகம்மாள் நிமிரவில்லை. மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் விரல்கள் மட்டும் இறுகின.

பிறகு அவளுக்கு மறுபடியும் இருமல் வந்தது. முன்னால் வந்ததுபோல இல்லை. இது நிற்கவே இல்லை. இருமி இருமி அவள் மெஷின் மேல் கவிழ்ந்தாள். மூச்சு உள்ளே போகிற சத்தம் கீச்சென்று கேட்டது, வெளியே வரும் சத்தம் கேட்கவில்லை. சடையம்மா ஓடிப்போய் அவளை நிமிர்த்தினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அப்போதுதான் அந்த இன்னொரு சத்தம் கேட்டது.

பூட்டின அறைக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். அதே இருமல். அடியிலிருந்து கிளம்பி, நடுவில் நின்று, திரும்பக் கிளம்பியது. உலகம்மாள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. அவள் தொடங்கினால், ஒரு நொடி பிந்தி, கதவுக்கு அந்தப் பக்கம் அதுவும் தொடங்கியது.

"செண்பகா!" என்றார் நாறும்பூநாதன். அவர் கதவில் காதை வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "உள்ளதான் இருக்கா. கேக்குதாம்மா? நான் சொன்னேனே, கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குது" என்றார் சடையம்மா.

அவர் அப்படிச் சொல்வார் என்று நாறும்பூநாதன் எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தார். குருவின் மடியில் மகள் தலை துவண்டு கிடந்தது.

"ரெண்டு பேரு மூச்சுக்குத் திணறுறாங்க அண்ணாச்சி. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே கதவு. சாவி உங்க இடுப்புல."

நாறும்பூநாதன் சுவரில் நிற்பவளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அவர் முகம் கோணியது. முடிச்சு அவிழவில்லை. கடைசியில் அரைஞாண் கயிற்றையே அறுத்தெடுத்தார்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. கதவு உப்பியிருந்தது. தோளைக் கொடுத்து இடித்த இடிக்குத் திறந்துகொண்டது.

உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து குளிர்ச்சியாக ஒரு காற்று வெளியே வந்தது. காற்று என்று அதைச் சொல்லக் கூடாது. நாள்பட்டுக் கிடந்த மூச்சு அது. நாறும்பூநாதன் மூக்கை மூடிக்கொண்டு பின்வாங்கினார்.

"சன்னலைத் திறங்க" என்றது கூடத்திலிருந்து சடையம்மாவின் குரல். "அவங்களைப் பாக்கணும்னுதானே இத்தனை நாளும் இருந்தீங்க, போங்க உள்ள."

அவர் தடவித் தடவிப் போனார். கையில் பட்ட சுவர் வழவழவென்று இருந்தது, உயிருள்ள தோல் மாதிரி. சன்னல் கொண்டியைக் கண்டுபிடித்து இழுத்தார், வரவில்லை. உதைத்தார். மரம் பிளந்து சன்னல் திறந்தது. வெளிச்சம் விழுந்த இடத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தரையில் அவள் பாய் கிடந்தது. அவள் கடைசியாகப் படுத்த பாய், அன்றைக்கு யாரும் சுருட்டவில்லை. பாயில் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. அவள் உடம்பு கிடந்த இடத்தில் மட்டும், தலை, தோள், மடக்கிய முழங்கால் என்று அளவு எடுத்ததுபோலக் கறுத்த பூசணம் பூத்து, விரலளவு உயர்ந்து நின்றது. வெளிச்சம் பட்டதும் அதன் மேல் ஒரு நடுக்கம் ஓடியது. காற்றுக்குத்தான் இருக்கும்.

நாறும்பூநாதன் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடப்போன கை தொடாமல் நின்றது.

சடையம்மா உலகம்மாளை வாசலில் காற்று படுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தார். அவர் பாயைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். ஓட்டுக்குக் கீழே, சுவர் உச்சியில், வெண்டிலேட்டர் ஓட்டை இரண்டு. இரண்டிலும் ஏதோ துணி திணித்து அடைத்திருந்தது.

"அது என்ன?"

"சேலை."

"யாரு சேலை?"

"அவளோடதுதான்."

"கதவைச் சாத்தணும்னு சாத்திரத்துல இருக்கு, ஒத்துக்கிடுதேன். அந்த ஓட்டையில சேலையைத் திணிக்கணும்னு எந்தப் பஞ்சாங்கத்துல இருக்கு?"

நாறும்பூநாதன் குரல் குழந்தைக் குரலாக இருந்தது.

"கதவைப் பூட்டினாலும் மேல இருக்க ஓட்டை வழியாப் போயிருவாளோன்னு பயமா இருந்துச்சும்மா."

சொல்லிவிட்டு அழுதார். மாசியில் அழ வேண்டிய அழுகை அது. அப்போது ஒரு சொட்டுக்கூட அழாமல் நட்சத்திரக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சடையம்மா தடுக்கவில்லை, தேற்றவுமில்லை. அழுது முடிகிற வரை நின்றார். பிறகு மூலையிலிருந்த ஏணியை அவர் பக்கம் தள்ளினார்.

அவர் ஏறினார். சேலையை இழுத்தார். பாதி கையோடு வந்தது, பாதி கறுப்புத் தூளாக உதிர்ந்தது. இரண்டாவது ஓட்டையிலிருந்தும் இழுத்தார்.

அந்த நிமிடம் மலைக்காற்று சன்னல் வழியாக உள்ளே வந்தது. அறையைக் கடந்து, கதவைக் கடந்து, கொடியில் கிடந்த சேலைகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வாசல் வழியாக வெளியே போயிற்று. ஏணியில் நின்றவர் தோளை ஏதோ உரசியது. கைத்தறிச் சேலை உரசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். யாருமில்லை.

வாசலிலிருந்து உலகம்மாளின் குரல் வந்தது.

"எப்பா, யாரோ என் தலையைத் தடவிட்டுப் போனாங்க."

நாறும்பூநாதன் குருவைப் பார்த்தார்.

"காத்து" என்றார் சடையம்மா.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வெறும் வேலைதான். சடையம்மா தினமும் வந்தார், ஒவ்வொன்றாக ஏவினார். அறையைச் சுத்தம் பண்ணுகிறவரை உலகம்மாளை அடுத்த வீட்டில் இருக்கச் சொன்னார். நாறும்பூநாதன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பாயைக் கொல்லையில் வைத்து எரித்தார். சுவரோடு ஒட்டிக் கிடந்த அரிசிப் பெட்டியையும் பீரோவையும் சடையம்மா ஒரு முழம் தள்ளிப் போட வைத்தார். கொடியை அவிழ்த்துத் தாழ்வாரத்தில் கட்ட வைத்தார். குளிக்கிற தண்ணீர் பின்சுவரின் அடியில் தேங்கி நின்றது, அதற்கு வழி வெட்ட வைத்தார். அடுப்படிச் சன்னலில் அடித்திருந்த தகரத்தைப் பிடுங்க வைத்தார்.

"மழை வந்தா?" என்று கேட்டார் நாறும்பூநாதன்.

"மழை வர்ற பக்கத்தை மூடுங்க. வராத பக்கத்தைத் திறந்து வைங்க. விட்டதும் ரெண்டையும் திறங்க. இதுக்கும் ராகு காலம் பாக்கணுமா?"

"சுண்ணாம்பு?"

"சுவரு காயட்டும். காயாம அடிச்சு என்ன ஆச்சுன்னு உங்க மகதான் சொன்னாளே."

கூடத்துச் சுவரில் நின்றவளை மட்டும் சடையம்மா தொடவில்லை. தொடச் சொல்லவுமில்லை. எதிரும் புதிருமாகச் சன்னல் திறந்த வீட்டில் காற்று நாள் முழுக்கப் போய் வந்தது. சுவர் மெல்ல மெல்ல வெளுத்தது. கறுப்புக்குப் பளபளப்புப் போயிற்று. இறங்கி வந்த கை முதலில் காய்ந்து உதிர்ந்தது. நாறும்பூநாதன் அந்தத் தூளை அள்ளிக் கொல்லையில் போட்டார். பிறகு தோள் உதிர்ந்தது. தலையும் சாய்ந்த கொண்டையும் மட்டும் நின்றன.

நாறும்பூநாதன் கட்டிலை அங்கிருந்து நகர்த்திவிட்டார். ஆனால் போகும்போதும் வரும்போதும் அந்தக் கொண்டையைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் சுவருக்கு முன்னால் நின்று, "ஏளா, உனக்குக் கோவமா?" என்று கேட்டார். சுவர் பதில் சொல்லவில்லை. முன்பெல்லாம் சொல்லும்.

உலகம்மாளுக்கு உடனே ஒன்றும் சரியாகிவிடவில்லை. இருமல் இருந்தது. ஆனால் இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் பேசினாள், சாப்பிட்டாள். ஒரு நாள் யாரோ சொன்னதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் அம்மாவின் சிரிப்பு இல்லை. நாறும்பூநாதன் அதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார், தன் வீட்டில் யாரோ புதுசாக வந்து சிரித்ததுபோல. வைத்தியர் வந்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசி பிறந்தது. அன்று மத்தியானம் மலைமேல் முதல் இடி கேட்டது.

நாறும்பூநாதன் சுவருக்கு முன்னால் போய் நின்றார். யாரும் சொல்லவில்லை, அவராகவே போனார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை அந்தக் கொண்டையில் வைத்தார். மனைவியின் தலையில் வைப்பதுபோல மெதுவாகத்தான் வைத்தார். ஒரே ஒரு தடவை கீழே இழுத்தார். காய்ந்த தூள் பொலபொலவென்று கொட்டியது. கையை எடுத்துப் பார்த்தார், கை முழுக்கக் கறுப்பு. சுவரைப் பார்த்தார். வெறும் சுவர்.

அவருக்குத் தாங்கவில்லை. கறுத்த கையை முன்னால் நீட்டியபடியே, அடைப்பு போட்டிருந்த அந்த அறைக்கு ஓடினார். சடையம்மா அங்கே வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா! போயிட்டாம்மா! துளிகூட இல்லாமப் போயிட்டா. எங்கம்மா போனா? சொல்லுங்கம்மா, எங்க போனா?"

சடையம்மா உதட்டில் விரலை வைத்தார். பிறகு அந்த விரலாலேயே உள்ளே காட்டினார்.

திறந்த சன்னலுக்கும் திறந்த கதவுக்கும் நடுவில், வெறும் தரையில், உலகம்மாள் நீட்டி நிமிர்ந்து மல்லாந்து கிடந்தாள். தலைக்கு ஒன்றும் வைக்கவில்லை. வாய் மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது, சத்தமில்லாமல்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி" என்றார் சடையம்மா. "பிள்ளை உறங்குது."